இடுப்பு பெல்ட்டா, ஹார்னஸா?

மழைக்கு முன் எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒழுகும் இடங்களை நானே ஏறி அடைக்கலாம் என்றிருக்கிறேன். உயரம் 12 அடி. இடுப்பு பெல்ட் போதுமா, ஹார்னஸ் வாங்க வேண்டுமா?
– வாசகர், போபோடி, புணே

ஹார்னஸ்தான். விழும் வேகம் முழுவதையும் இடுப்பு பெல்ட் உங்கள் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறக்கிவிடும். 'எல்லாரும் இதைத்தான் எடுக்கிறாங்க' என்று கடைக்காரர் சொன்னால் சிரித்து வையுங்கள். ஐஎஸ் 3521 என்று அச்சிட்டு, ஐஎஸ்ஐ முத்திரையோடு, முதுகில் வளையம் உள்ளதாகப் பாருங்கள். தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழையலாம். முஷ்டி நுழையக் கூடாது.

கடையில் ஹார்னஸோடு 1.8 மீட்டர் கயிறும் அதிர்ச்சி தாங்கும் பொட்டலமும் சேர்த்துத் தருவார்கள். அது விரிந்து உங்களை நிறுத்தக் கிட்டத்தட்ட 20 அடி வேண்டும். உங்கள் வீட்டில் அதற்குள் தரையே வந்துவிடும்! நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பூட்டும் கயிறாக வாங்கி, கூரை விளிம்பை எட்டாத அளவுக்குக் கட்டிக்கொள்ளுங்கள். கான்கிரீட் தூணிலோ உத்தரத்திலோதான் கட்ட வேண்டும். தண்ணீர்க் குழாய், டிஷ் கம்பி எல்லாம் கூடவே வந்துவிடும்.

உங்களுக்கு விளிம்பைவிடப் பெரிய ஆபத்து காலடியில்தான். பழைய ஷீட் சொல்லாமல் உடையும். மூன்று குறுக்குச் சட்டங்களுக்காவது மேலாகப் படியும் நீளத்தில் இரண்டு கெட்டிப் பலகைகளை வாங்கி, அவற்றின் மேல் மட்டும் நகருங்கள். ஷீட்டில் கால் வைக்கவே வேண்டாம். போல்ட் துளை ஒழுகல் ஓரத்தில் என்றால், ஏணியில் நின்றே அடைத்துவிடலாம்.