பட்டியல் எங்கே போயிற்று?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி மேற்கே வந்தது. எங்கள் கந்தர்வக்கோட்டைப் பகுதியில் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்சாரமும் இல்லை. உறவினர் ஒருவரின் தோப்பில், என் மாணவன் எழுதிய சிறு செயலியில், விழுந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்தேன். 40 மரம் ஆனதும் பழைய பாட்டரி ஓய்ந்து செல்போன் அணைந்தது. ஜெனரேட்டரில் மின்னேற்றித் திறந்தால், பட்டியல் வெறுமை! அதற்குள் பல மரங்கள் விறகாகிவிட்டன. நிவாரணக் கணக்குக்கு எதைக் காட்டுவது?

மாணவர்களே, செல்போனில் இருவகை நினைவகங்கள் உண்டு. திரையில் தெரிந்த பட்டியல் இருந்தது 'ராம்' என்னும் தற்காலிக நினைவகத்தில். அங்கே ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம். ஓட்டைக் குடத்து நீர்போல அது கசியும். ஆகவே சுமார் 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மீண்டும் நிரப்புகிறார்கள். மின்சாரம் நின்றால் குடம் காலி.

மற்றது 'ஃபிளாஷ்' நினைவகம். இதில் எலக்ட்ரான்கள் மின்கடத்தாச் சுவர்களுக்குள் சிறைப்பட்டிருக்கும். 1967-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டேவான் காங், சைமன் சே இருவரும் கண்ட வழி இது. கதவில்லாத சிறைக்குள் எலக்ட்ரான் நுழைவது எப்படி? மின்னழுத்தத்தை உயர்த்தினால் சுவரை ஊடுருவியே சென்றுவிடும்! (இதைச் சொன்னால் கல்லூரி மாணவர்களே நம்பத் தயங்குகிறார்கள்.) பிறகு மின்சாரம் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் அங்கே இருக்கும்.

அப்படியானால் பட்டியலை அப்படியே ஃபிளாஷுக்கு மாற்றலாமே? முடியாது. ராமில் அதன் உறுப்புகள் அங்கங்கே சிதறிக் கிடக்கும்; ஒன்றையொன்று முகவரியால் அறியும். செயலியை மறுமுறை திறக்கும்போது அந்த முகவரிகள் செல்லாது. எனவே பூத்தொடுப்பதுபோல எல்லாவற்றையும் ஒரே எழுத்துச் சரமாக்க வேண்டும்: 'முந்திரி,1,வேரோடு; முந்திரி,2,கிளைமுறிவு' என்று. திறக்கும்போது காற்புள்ளி, அரைப்புள்ளி பார்த்துப் பிரித்தால் பட்டியல் மீண்டும் கிடைக்கும்.

மாணவன் சரம் தொடுக்கத்தான் செய்திருந்தான். ஆனால் செயலியை மூடும்போது மட்டும்! பாட்டரி ஓய்ந்தபோது மூடும் கட்டளையே வரவில்லை. பிறகு, மரம் சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் சேமிக்கும்படி மாற்றினான். எழுதும் பாதியில் மின்சாரம் போனால்? புதிய கோப்பில் முழுவதும் எழுதி முடித்த பின்னரே பழையதன் பெயரை அதற்குச் சூட்ட வேண்டும். அதுவரை பழைய கோப்பைத் தொடக்கூடாது.

நீங்கள் பயன்படுத்தும் குறிப்புச் செயலி எப்படி? மூன்று பெயர்களைப் பதியுங்கள். சேமிக்கும் பொத்தானைத் தொடாமல், அமைப்புகளுக்குச் சென்று செயலியைக் கட்டாயமாக நிறுத்துங்கள். மீண்டும் திறந்து எண்ணிப் பாருங்கள்.