கணப்பொழுதிற் பிறக்கும் படம்

நம் பகுதியில் திருமணப் படம் பேணாத வீடு அரிது. அம்மி, திண்ணை, கிணற்றுத் துலா, சாளரத்தூடே தெரியுங் கடல் ஆகியவற்றைப் படம் பிடிக்கவோ எவருக்குந் தோன்றுவதில்லை. 1990 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தோரும், 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடற்கோளில் அகப்பட்டோரும் குச்சவெளிக் கரையோரத்திற் பலர். உயிரிழப்புக்கு ஈடாக எதனையுஞ் சொல்லோம். ஆயினும், "பழைய வீடு எப்படியிருந்தது?" என்று பிள்ளைகள் கேட்கையிற் காட்டுதற்கு ஒரு படமுமில்லாக் குடும்பங்களை நாம் அறிவோம். துலா என்னுஞ் சொல்லை வகுப்பிற் படிப்பிக்கும்போதும் இக்குறையே எதிர்ப்படுகின்றது.

இவ்வகைப் படத்துக்கெனவே அமைந்தாற்போன்றது உடனடிப் படக்கருவி. 1943 இல், எடுத்த படத்தை உடனே ஏன் பார்க்க முடியாது என்று சிறுமகள் வினவ, அமெரிக்கராகிய எட்வின் லாண்ட் அதனை ஆராயத் தொடங்கினார். 1947 இற் செய்து காட்டினார். 1948 இற் பொஸ்ரன் நகரில் விற்பனைக்கு வந்தது. 1972 இல் வெளியான எஸ்.எக்ஸ்.-70 கருவியிலே, தாளின் விளிம்பிலுள்ள சிறு பையை இரண்டு உருளைகள் நசுக்க, இரசாயனக் குழம்பு மெல்லெனப் பரவிப் படம் பகல் வெளிச்சத்திலேயே தோன்றும்.

இதன் அருமையைக் காட்டியவர் அந்திரே கெர்டேஸ். 1894 இல் புடாபெஸ்ட்டிற் பிறந்து நியூயோர்க்கில் வாழ்ந்தவர். 1977 இல் மனைவி எலிசபெத் இறந்தபின், எண்பது கடந்த அம்முதியவர் வீட்டிலிருந்தபடியே சாளரத் திட்டிற் பொருள்களை வைத்துப் படமெடுத்தார். கடையொன்றிற் கண்ட கண்ணாடிச் சிலையின் கழுத்துந் தோளும் மனைவியை நினைவூட்டின. அதனை வாங்கி, ஒளி மாறுந்தோறும் எடுத்தார். 1981 இல் அப்படங்கள் நூலாயின. வேறு விளக்கம் வேண்டுமோ!

நம்மூர் வெயில் இதற்குப் பகை. இக்காலப் பொலரொயிட் தாளுக்கு 13 முதல் 28 பாகை செல்சியசு வரையே உகந்தது. மிஞ்சினால் மஞ்சளோ செம்மையோ படரும். ஆதலின் தாட்கட்டைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, காலையிலோ மாலையிலோ எடுத்தல் நன்று. வெளிவந்த படத்தை விசிறுதல் வீண். கவிழ்த்து நிழலில் வைக்க. கட்டொன்றில் எட்டுப் படங்களே உண்டு, விலையுஞ் சிறிதன்று. நெகற்றிவ் இன்மையால் ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதியே. கைத்தொலைபேசியால் அதனை மீளப் படமெடுத்து, வெளியூர் உறவினருக்கும் அனுப்பிவைக்க.

மாணவர் முதலில் அடுப்படியை எடுக்க. வெள்ளை விளிம்பிலே பொருளின் பெயரும், அதனைப் பயன்படுத்தியவர் பெயரும், நாளும் மையால் எழுதுக. பெயர் தெரியாவிடின் அப்பாச்சியைக் கேட்டெழுதுக.