வீட்டு எலியும் மின்னணுப் பொறியும்

'எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம்' என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. சிரிப்பதற்காகச் சொன்ன பழமொழிதான். ஆனால் எலியை ஒழிப்பதற்காகச் சமையலறை மூலையில் நஞ்சு வைக்கும் வீடுகளை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. எலிக்கு வைத்ததைக் குழந்தை எடுத்துத் தின்றுவிட்ட செய்தியை நாளிதழ்களில் எத்தனை முறை படிக்கிறோம்! வீட்டாருக்குத் தீங்கின்றி எலியை அடக்கும் வழி எது என்று எங்கள் அறிவியல் கழகத்தில் இவ்வாண்டு ஆராய்ந்தோம். கடைகளில் கிடைக்கும் மின்னணுப் பொறியையும் விடுதியின் பண்டக அறையில் வைத்துப் பார்த்தோம். நாங்கள் கற்றதை இங்கே தருகிறோம்.

எலியை அறிவோம்

நம் வீடுகளைத் தேடி வருபவை பெரும்பாலும் மூன்று வகை. நீண்ட வாலுடன் சுவரிலும் கூரையிலும் ஏறுவது வீட்டெலி. அலமாரியிலும் பழந்துணியிலும் கூடு கட்டுவது சுண்டெலி. சாக்கடை ஓரத்தில் வளை தோண்டுவது பெருச்சாளி. கூரிய மூக்குடன் கீச்சிட்டுக்கொண்டு சுவரோரம் ஓடும் மூஞ்சூறு எலி இனமே அன்று. அது கரப்பான் போன்ற பூச்சிகளைத் தின்று நமக்கு உதவியே செய்கிறது.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தேய்க்க அது எதையாவது கொறித்தே ஆகவேண்டும். ஆகவேதான் மரத்தையும் சோப்பையும் மின்கம்பியின் உறையையும்கூட விடுவதில்லை. சுண்டெலி கருவுற்ற மூன்று வாரங்களில் ஐந்தாறு குட்டிகளை ஈனும். அக்குட்டிகள் இரண்டே மாதங்களில் தாமும் தாயாகத் தகுதி பெறும். இன்று ஓர் எலிதானே என்று இருப்பவர்கள் சில மாதங்களில் ஒரு கூட்டத்திற்கே சோறு போட நேரிடும்.

தின்று தீர்ப்பது ஒருபுறமிருக்க, நோயைத் தருவது பெருங்கேடு. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்து, பிறகு நாடெங்கும் பரவி, எண்ணற்ற உயிர்களை மாய்த்தது. அந்நோயின் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் எர்சின் கண்டுபிடித்தார். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அதைப் பரப்புகிறது என்பதை 1898-இல் கராச்சியில் பால் லூயி சீமோன் சோதனை செய்து காட்டினார். 1994-இல் சூரத் நகரில் அந்நோய் தோன்றியபோது மக்கள் பல்லாயிரக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினர். இக்காலத்தில் மழைநாட்களில் நாம் அஞ்சவேண்டியது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலுடன் நடந்தால், காலிலுள்ள சிறு புண் வழியாகவும் அக்கிருமி உடலுக்குள் புகும்.

பழைய வழிகள்

கூண்டும் வில்பொறியும் நாம் அறிந்தவையே. பலகையில் சுருள்வில் பொருத்திய பொறிக்கு 1894-இல் அமெரிக்கரான வில்லியம் ஹூக்கர் காப்புரிமை பெற்றார். இன்றும் அதுவே மலிவானது. ஆனால் சில வேளை எலியைக் கொல்லாமல் காலை மட்டும் நசுக்கிவிடும். பசை அட்டையோ அதைவிடக் கொடியது. அதில் ஒட்டிய எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது.

நஞ்சு வகைகளில் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை மிகவும் ஆபத்தானது. உட்கொண்டவரின் கல்லீரலை அது அழிக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. மேலும், நஞ்சு தின்ற எலி பரணிலோ பெட்டிக்குப் பின்னாலோ கிடந்து நாறும். அதைத் தின்ற பூனையும் ஆந்தையும் மடியக்கூடும். காதுக்குக் கேளாத ஒலியால் எலியை விரட்டுவதாகக் கூறி விற்கும் கருவிகளையும் நம்பிவிடக் கூடாது. அத்தகைய விளம்பரங்களுக்கு அறிவியல் சான்று வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2001-இல் அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை எச்சரித்தது.

மின்னணுப் பொறி

இது நீண்ட பெட்டி போன்றது. தரையில் உலோகத் தகடுகளும் பின்கோடியில் இரை வைக்கும் இடமும் உண்டு. இரையை நாடி உள்ளே செல்லும் எலி இரு தகடுகளில் கால் வைத்ததும், அதன் உடலே மின்சுற்றை முழுமையாக்குகிறது. பாட்டரிகள் தரும் சில வோல்ட் அழுத்தத்தை உள்ளிருக்கும் கருவி பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திப் பாய்ச்சுகிறது. சில நொடிகளில் எலி இறந்துவிடும். வெளியே சிறு விளக்கு மின்னும். மூடியைத் திறந்ததும் மின்சாரம் தானே நின்றுவிடும்படி நல்ல பொறிகளை அமைத்திருக்கிறார்கள். இரத்தமில்லை, நஞ்சில்லை, எலியைக் கையால் தொடவும் வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. இது பாட்டரியில் இயங்குவது. இதைப் பார்த்து எவரும் வீட்டு மின்சாரத்தில் கம்பி இழுத்துத் தாமே பொறி செய்ய முயலக் கூடாது. வயலில் எலிக்காகப் போட்ட மின்கம்பியில் மனிதர்களே சிக்கி மாண்டிருக்கிறார்கள்.

பயன்படுத்தும் முறை

முதல் நாள் இரவே பொறியை இயக்கி வைத்தோம். காலையில் அதைச் சுற்றிலும் புழுக்கை கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. எலி புதுப்பொருளைக் கண்டால் ஐயுறும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். மூன்று இரவுகள் இயக்காமலே வறுத்த வேர்க்கடலையை உள்ளே வைத்தோம். கடலை காணாமற்போயிற்று. நான்காம் இரவு இயக்கினோம். காலையில் விளக்கு மின்னியது!

எலி தன் மீசையால் சுவரைத் தடவிக்கொண்டே ஓடும். ஆகவே பொறியைச் சுவரையொட்டி வைக்கவேண்டும். இரை சிறிதளவே போதும். கடலை, தேங்காய்ச் சில், கருவாடு எதுவும் ஆகும். ஈரம் படும் இடத்திலோ, குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்திலோ, முற்றத்திலோ வைக்கலாகாது. முற்றத்தில் அணிற்பிள்ளை நுழைந்துவிடும். சுண்டெலிக்கான சிறுபொறி பெருச்சாளிக்கு உதவாது. இறந்த எலியைப் பாலித்தீன் பையில் கவிழ்த்து ஆழப் புதைக்கவேண்டும். புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காமல், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் நனைத்துத் துடைக்கவேண்டும். பிறகு சோப்பிட்டுக் கை கழுவவேண்டும்.

நாங்கள் கற்ற பாடம்

மறுநாளும் விளக்கு மின்னியது; அதற்கடுத்த நாளும் மின்னியது. நாங்கள் வெற்றிக் களிப்பில் எண்ணிக்கொண்டிருந்தோம். எங்கள் அருட்சகோதரியோ, "எத்தனை பிடித்தீர்கள் என்று எண்ணுகிறீர்களே, எந்த வழியாக வருகின்றன என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள்.

டார்ச் விளக்குடன் தேடினோம். கதவின் அடியில் இரு விரல் நுழையும் சந்து இருந்தது. கழிவுநீர்க் குழாயைச் சுற்றிலும் ஓட்டை இருந்தது. சுண்டெலிக்கு எழுதுகோல் பருமனுள்ள துளையே போதுமாம். அங்கோ வாயிலே திறந்து கிடந்தது! ஓட்டையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்துச் சிமெண்டு பூசினார்கள். கதவடியில் தகரம் அடித்தார்கள். மூட்டையிலிருந்த அரிசி மூடியுள்ள டிரம்மிற்குப் போயிற்று. எச்சில் வாளியை இரவில் வெளியேற்றுவது எங்கள் முறையாயிற்று. அதன்பின் வைத்த இரை வைத்தபடியே கிடந்தது, விளக்கு மின்னவில்லை.

"உயிரைக் கொல்வது பாவமன்றோ?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். அதற்கு அருட்சகோதரி புனித மார்ட்டின் தெ போரஸின் கதையைச் சொன்னார்கள். பெரு நாட்டின் லீமா நகரில் 1579-இல் பிறந்து, 1962-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர் அவர். மடத்துத் துணிகளை எலிகள் கடித்து நாசமாக்கின. மற்றவர்கள் நஞ்சு வைக்க நினைத்தார்கள். மார்ட்டினோ ஓர் எலியை அழைத்து, "உன் கூட்டத்தோடு தோட்டத்திற்குப் போய்விடு, தினமும் அங்கே உணவு தருகிறேன்" என்றாராம். எலிகளும் அவ்வாறே சென்றன என்பது மரபு.

"நமக்கு எலியுடன் பேசும் வரம் இல்லை. ஆனால் மூடிய டிரம்மும் அடைத்த ஓட்டையும் எலிக்குப் புரியும் மொழிதான். அதையும் மீறி வந்தால், பிள்ளைகளின் நலனுக்காகக் கொல்ல நேரும். அப்போதும் துன்புறுத்தாமல் கொல்வோம்" என்றார்கள்.

தோழியரே, பொறி இன்றைய எலியைத்தான் பிடிக்கும். நாளைய எலியைத் தடுப்பது நம் தூய்மையே. இன்றிரவு உறங்கப் போகுமுன் உங்கள் வீட்டுக் கதவடியையும் அரிசிப் பானையின் மூடியையும் ஒருமுறை பாருங்கள்!

– அறிவியல் கழக மாணவியர், பத்தாம் வகுப்பு