முதலில் பதிவகம், பிறகு பணம்
காணி வாங்கவிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

லயன் அறையில் பிறந்து வளர்ந்த நமக்கு, சொந்தமாகப் பத்துப் பேர்ச் காணியாவது வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த ஆசை. 1981 ஆகஸ்ட் வன்செயலின்போது இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் உடுத்த துணியோடு ஓடின. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டியவிலும் மலை சரிந்து வீடுகளை மூடியது. இப்படி இடம்பெயர்ந்தவர்களின் கையில் கொஞ்சம் பணம் இருக்கும். மனதில் பெரும் அவசரம் இருக்கும். ஏமாற்றுபவன் தேடி வருவது இந்த இரண்டையும்தான்.

ஒரு தரகர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “அண்ணே, ரோட்டோரக் காணி. நாளைக்கு வேற ஆள் வாங்கிருவான். இன்னைக்கே ஒரு லட்சம் அட்வான்ஸ் குடுங்க” என்கிறார். முத்திரை ஒட்டிய தாளில் சிங்களத்தில் ஏதோ எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கிறார். நம்மவர் அதைப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைக்கிறார். அந்தத் தாள் அவருக்குக் காணியைத் தருமா?

தராது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலும், குறைந்தது இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட வேண்டும். இல்லையேல் அது சட்டத்தின் முன் செல்லாது.

1. எந்தக் காணியை வாங்கக் கூடாது?

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. இன்று அவற்றை நடத்தும் கம்பனிகள் குத்தகைக்காரரே. ஆகவே தோட்டத்து நிலத்தையோ லயன் அறையையோ தமக்குச் சொந்தமானது போல விற்கத் துரைக்கும் உரிமை இல்லை, தலைவருக்கும் இல்லை, அங்கு குடியிருப்பவருக்கும் இல்லை.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணிகளும் உண்டு. அனுமதிப்பத்திரமோ அளிப்புப்பத்திரமோ காட்டி ஒருவர் விற்க வந்தால், உடனே பிரதேச செயலகத்துக்குப் போய்க் கேளுங்கள். பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி நடக்கும் கைமாற்றம் உங்களைக் காப்பாற்றாது.

2. பதிவகத்தில் எதைப் பார்ப்பது?

உறுதியின் பிரதியை வாங்கி, நீங்களே தெரிவு செய்த நொத்தாரிசிடம் கொடுங்கள். விற்பவர் கூட்டிவரும் நொத்தாரிசு மட்டும் போதாது. அவரைக் கொண்டு, அந்தக் காணி அடங்கும் காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுப் பதிவுகளையாவது தேடச் செய்யுங்கள். காணி ஈட்டில் உள்ளதா, வழக்கில் உள்ளதா, ஏற்கெனவே விற்கப்பட்டதா என்பன அங்கே தெரியவரும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். பதிவகம் உறுதியைப் பதிகிறதே தவிர, அது உண்மையானது என்று சான்று கூறுவதில்லை. கள்ள உறுதியும் பதிவேட்டில் ஏறக்கூடும். ஆகவே விற்பவரின் அடையாள அட்டையைப் பாருங்கள். வேறொருவருக்காக அற்றோணித் தத்துவம் கொண்டு விற்பதாகச் சொன்னால், உரிமையாளரையே நேரில் சந்தியுங்கள்.

3. காணியில் எதைப் பார்ப்பது?

அங்கே குடியிருப்பவர் யார்? பயிர் செய்பவர் யார்? அக்கம்பக்கத்தாரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் விசாரியுங்கள். நில அளவையாளரை அழைத்து, வரைபடத்தையும் எல்லைக் கற்களையும் ஒப்பிடுங்கள். வழிபாதை வரைபடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சபரகமுவவில் பங்குக் காணிகள் அதிகம். “பிரிக்கப்படாத பங்கு” என்று உறுதியில் இருந்தால், இந்த மூலை உங்களுடையது என்று யாரும் உறுதி கூற முடியாது. நாளை ஒரு பங்காளி பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், கட்டிய வீடும் வழக்குக்குள் போகும்.

மண்சரிவில் தப்பியவர் மறுபடியும் சரிவிலேயே வாங்கக் கூடாது. இந்த மாவட்டங்களில் மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் வீடு கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபார்சு தேவை. அதை வாங்குமுன் கேட்டறியுங்கள். பழைய மாணிக்கக் குழிகளை மூடிய நிலமா என்றும் ஊராரிடம் விசாரியுங்கள்.

4. பணம் கொடுக்கும் நாளில்

முழுத்தொகையையும் உறுதி எழுதும்போதே, நொத்தாரிசு முன்னிலையில் கொடுங்கள். வங்கி மூலம் கொடுப்பது நன்று. உறுதி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், வாசித்துத் தமிழில் விளக்கும்படி கேளுங்கள். படித்த மகனையோ மகளையோ கூட்டிச் செல்லுங்கள். விளங்காமல் கையொப்பமிடுவதைவிட வெட்கத்தை விட்டுக் கேட்பது மேல்.

பின்பு தாமதியாமல் பதிவு செய்யுங்கள். 1927ஆம் ஆண்டின் பத்திரங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, நீங்கள் பதியாமல் வைத்திருக்க, அதே காணியை உங்களுக்குப் பின் மோசடியின்றி விலைக்கு வாங்கியவர் முதலில் பதிந்துவிட்டால், அவருடைய உறுதியே மேலோங்கும். பெட்டியில் பூட்டிய உறுதி பதிந்த உறுதிக்கு ஈடாகாது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் மௌனமாக இராதீர்கள். பற்றுச்சீட்டு, கடிதம், சாட்சிகளின் பெயர் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு பொலிசில் முறையிடுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு உதவவென்றே 1978இல் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அங்கே போய் ஆலோசனை கேளுங்கள்.

அவசரப்படுத்துகிறவனிடம் சொல்ல ஒரே பதில் போதும்: “பதிவகத்தில் பார்த்துவிட்டு வருகிறேன்.” நேர்மையாக விற்பவர் காத்திருப்பார்.

கலந்துரையாடுவோம்

1. நமது பகுதியில் உறுதியின்றிக் காணிக்குப் பணம் கொடுத்தவர்கள் உண்டா? அவர்களுக்கு என்ன நேர்ந்தது?
2. காணி வாங்கும் முடிவில் வீட்டுப் பெண்களைக் கேட்கிறோமா? உறுதி யார் பெயரில் எழுதப்படுகிறது?
3. சிங்கள உறுதியை வாசித்து விளக்கக்கூடியவர் நம் சங்கத்தில் யார்? பதிவகத்துக்குத் துணையாக வரக்கூடியவர் யார்?