பழைய டிராக்டரும் பிரேக் சீரமைப்பும்

பசுமைப் புரட்சியின் வரலாற்றை எழுதுவோர் விதை, உரம், பாசனம், இயந்திரம் ஆகியவற்றைக் குறிப்பிடுவர். அவ்வியந்திரங்களைக் காத்துவந்த பட்டறைகளைக் குறிப்பிடுவது அரிது. மும்பையின் புறநகரான காந்திவலியில் டிராக்டர் உற்பத்தி வேரூன்றக் காரணமானது 1963-இல் அமைந்த ஒரு கூட்டு நிறுவனம். மகேந்திரா, வோல்டாஸ், அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆகியவை அதில் பங்கு பெற்றன. 1977-இல் அது மகேந்திரா நிறுவனத்துடன் இணைந்தது. அது தயாரித்த பி-275 போன்ற பழைய டிராக்டர்கள் பல கைமாறிச் சிறு விவசாயிகளை வந்தடைந்தன. அவற்றை வாங்குவோர் முதலில் பார்ப்பது என்ஜினை. கடைசியில் பார்ப்பது பிரேக்கை.

தள்ளிப்போடுவது ஏன்?

இதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. என்ஜின் பழுதானால் அன்றைய வருமானம் அன்றே நின்றுவிடும். பிரேக் தேய்ந்தாலோ உழவு நிற்பதில்லை. கலப்பையின் இழுவையே வண்டியை நிறுத்திவிடும். ஆகவே செலவு அடுத்த பருவத்திற்கு ஒத்திவைக்கப்படுகிறது. அதே டிராக்டர் கரும்போ நெல்மூட்டையோ ஏற்றிய டிரெய்லரை இழுத்துச் சாலைக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லாவிடில், முழுச் சுமையையும் டிராக்டரே நிறுத்தவேண்டும். வேகம் இரட்டித்தால் அடக்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். மிச்சப்படுத்திய தொகை உரிமையாளருடையது. ஆபத்தோ ஓட்டுநருக்கும் சாலையில் செல்வோருக்கும் உரியது.

அமைப்பு

டிராக்டரில் இடப்புற, வலப்புறப் பின்சக்கரங்களுக்குத் தனித்தனிப் பெடல்கள் உண்டு. வயலின் ஓரத்தில் குறுகிய இடத்தில் திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்பர். சாலையில் இரண்டையும் கொக்கியால் இணைத்தே ஓட்டவேண்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகப் பிடித்தால் வண்டி பக்கவாட்டில் இழுக்கப்பட்டுக் கவிழவும் கூடும். எனவே, பிரேக்குகள் பிடிப்பது மட்டும் போதாது. இரு பக்கமும் சமமாகப் பிடிக்கவேண்டும்.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் உலர் தட்டுப் பிரேக் உள்ளது. இதில் சுழலும் உராய்வுத் தட்டுகளுக்கு நடுவே இரு இரும்புத் தகடுகள் இருக்கும். பெடலை மிதித்ததும் அத்தகடுகள் எதிரெதிராகச் சிறிது திரும்பும். இடையிலுள்ள உருக்குக் குண்டுகள் சரிவான பள்ளங்களில் ஏறித் தகடுகளை விலக்க, உராய்வுத் தட்டுகள் உறையின் மீது அழுந்தும்.

சீரமைக்கும் முறை

முதலில் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளையும் அமைக்கவேண்டும். பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூசு புற்றுநோயை விளைவிக்கும். ஆதலால் காற்றுக்குழாயால் ஊதுவது கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

தட்டுகளில் எண்ணெய்ப் பசை இருப்பின், கசியும் ஆயில் சீலை முதலில் மாற்றவேண்டும். அதைச் செய்யாமல் புதிய தட்டு பொருத்துவது வீண் செலவு. குண்டுகள் துருவேறியிருப்பினும், பள்ளங்கள் குழிவிழுந்திருப்பினும், ஸ்பிரிங் தளர்ந்திருப்பினும் அவற்றையும் மாற்றுவது அவசியம். உராய்வுத் தட்டுகளை ஒரு பக்கம் மட்டும் மாற்றலாகாது. இரு பக்கமும் ஒருசேர மாற்றினால்தான் பிடிப்பு சமமாகும்.

பின்னர், பெடல்களின் வெற்று அசைவைத் தயாரிப்பாளர் கையேட்டின்படி இரு பக்கமும் ஒரே அளவாக அமைக்கவேண்டும். இறுதியாக, ஆளில்லாத உலர்ந்த வெளியில், டிரெய்லர் இன்றி, குறைந்த வேகத்தில், பெடல்களை இணைத்து மிதித்துப் பார்க்கவேண்டும். வண்டி நேராக நின்று, இரு சக்கரத் தடங்களும் ஒத்திருந்தால் வேலை முடிந்தது. ஒன்று நீண்டு மற்றொன்று குறுகியிருந்தால் மீண்டும் சரிசெய்யவேண்டும்.

பழுதுபார்த்தலும் உற்பத்தியே

மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955 முதல் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இயங்கி வருகிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் டிராக்டர் மெக்கானிக் பிரிவும் உண்டு. இப்பயிற்சி கிராமப் பட்டறைகளை எட்டவேண்டும். புதிய இயந்திரம் வாங்கக் கடன் வழங்கும் கூட்டுறவுச் சங்கங்கள், பழைய இயந்திரத்தின் பிரேக்கைச் சீரமைக்கவும் சிறு கடன் வழங்கலாம். உழைத்துக் களைத்த இயந்திரத்திற்கு மேலும் சில ஆண்டுகள் உயிர் கொடுப்பதும் மூலதன ஆக்கமே. அதற்கும் மேலாக, மாலையில் ஓட்டுநர் பத்திரமாக வீடு திரும்புவதற்கு அதுவே உத்தரவாதம்.