சிவப்புத் திரையை யார் எடுப்பது?

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறோம். வெளியூர் ஆர்டர் பெரும்பாலும் வெப்சைட் வழியாகத்தான். நாலு நாளாக, தளத்தைத் திறந்தால் ‘ஆபத்தான தளம்’ என்று குரோமில் சிவப்புத் திரை வருகிறது. அதைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பணம் கொடுத்தால் ஒரே நாளில் எடுத்துத் தருவதாக ஒருவர் போனில் சொல்கிறார். சித்திரைத் திருவிழா நெருங்குகிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த எச்சரிக்கையை எடுக்க கூகுளால் மட்டுமே முடியும். அதற்குக் கட்டணமும் கிடையாது. தளத்தைச் சுத்தம் செய்ய ஆள் வைத்துக் கூலி கொடுப்பது வேறு விஷயம்.

கூகுளுக்குத் தவறே நேராதா? நேர்ந்திருக்கிறது. 2009 ஜனவரி 31, நம்மூரில் சனிக்கிழமை இரவு எட்டு மணி. தேடலில் வந்த தளங்கள் அத்தனைக்கும் எச்சரிக்கை முத்திரை விழுந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீடித்தது. ஆபத்தான தளங்களின் பட்டியலில் ‘/’ என்ற வெறும் சாய்கோடு சேர்ந்துவிட்டது. அது இல்லாத முகவரி ஏது? ஆனால் உங்கள் தளத்துக்கு மட்டும் நாலு நாளாக வருகிறதென்றால், யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணில் படாததில் வியப்பில்லை. கூகுளில் தேடி, போனில் வருகிறவர்களை மட்டும் மோசடிப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள். முகவரியை டைப் செய்து நுழையும் முதலாளிக்குக் கடை வழக்கம்போலவே தெரியும்.

கூகுளின் இலவசச் சேவையான ‘சர்ச் கன்சோலில்’ தளம் உங்களுடையது என்று உறுதிசெய்து, பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதியைத் திறங்கள். சிக்கலின் வகையும் சில பக்கங்களின் முகவரியும் இருக்கும். அவை மாதிரிதான், முழுப் பட்டியல் அல்ல. உரிமையாளர் பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் முதலில் நீக்குங்கள்.

பிறகு, ஊடுருவலுக்கு முந்தைய பேக்கப்பைப் போடுங்கள். வேர்ட்பிரஸ் என்றால் அதையும் பிளக்இன்களையும் அப்டேட் செய்து, ஹோஸ்டிங், டேட்டாபேஸ், அட்மின் பாஸ்வேர்டுகள் அனைத்தையும் மாற்றுங்கள். விலைக்கு விற்கும் ‘தீம்’ ஒன்றை யாராவது ‘ஓசியில்’ போட்டுக் கொடுத்திருந்தால், என் சந்தேகம் முதலில் அதன்மேல்தான் போகும்.

நுழைந்த ஓட்டையை அடைத்த பிறகே மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். திருவிழா அவசரத்தில் முந்தினால் நாள்தான் வீணாகும். பரிசீலனைக்கு, மோசடிப் பக்கம் என்றால் ஏறக்குறைய ஒரு நாள், வைரஸ் என்றால் சில நாள், குப்பை லிங்க்குகளைத் திணித்திருந்தால் சில வாரம்கூட ஆகலாம். பதில் வருமுன் மறுபடி அனுப்பினால் காத்திருப்பு நீளும்.

ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் கூகுளின் பட்டியலையே பார்க்கின்றன. வாடிக்கையாளரை ‘வேறு பிரவுசரில் போங்கள்’ என்று சொல்வதில் பயனில்லை. எச்சரிக்கை நீங்கும்வரை ஆர்டரை வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். 2022-இல் வந்த உத்தரவுப்படி, ஊடுருவல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் யாராவது பணம் இழந்திருந்தால், உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யச் சொல்லுங்கள்.