சிறியதெல்லாம் சின்ன வெங்காயமா?

சந்தையில் ஒரு கூடையைச் சுட்டி, "இது சின்ன வெங்காயமா?" என்று கேட்டால், விற்பவர் அளவைப் பார்த்தே விடை சொல்வார். பயிரியல் அளவைப் பார்ப்பதில்லை. நெருக்கி நட்டதால் சிறுத்துப்போன பெரிய வெங்காயமும் உண்டு. நன்கு பருத்த சின்ன வெங்காயமும் உண்டு. இவற்றைப் பிரித்தறிவது சமையலறைக்கு மட்டும் உரிய கவலை அன்று. விதைச் செலவும், பயிர்க்கடனின் அளவும், சில ஆண்டுகளில் ஏற்றுமதிக்கான அனுமதியும்கூட இந்த வேறுபாட்டைச் சார்ந்தே அமைந்திருக்கின்றன.

வெங்காயத்தின் அடியில் வேர்கள் கிளம்பும் தட்டையான பகுதியே அதன் உண்மையான தண்டு. அதன்மேல் அடுக்கடுக்காக இருப்பவை உணவைச் சேமித்துத் தடித்த இலையடிகள். பெரிய வெங்காயத்தில் அத்தண்டின்மீது பெரும்பாலும் ஒரே வளர்முனை மேலோங்கி நின்று ஒற்றைக் காயாகிறது. சின்ன வெங்காயத்திலோ பக்க மொட்டுகள் பலவும் ஒருசேர வளர்ந்து, ஒவ்வொன்றும் தனிக் காயாகத் திரள்கின்றன. நட்ட ஒரு காய் இரண்டரை மாதங்களில் ஏறத்தாழ ஐந்து முதல் பத்து காய்கள் கொண்ட கொத்தாக மாறுகிறது; தாய்க்காய் தன் சேமிப்பை எல்லாம் கொடுத்துவிட்டு வற்றிப்போகிறது.

இந்தப் பிறப்பின் அடையாளங்கள் காயிலேயே தங்கிவிடுகின்றன. உடன்பிறந்த காய்களோடு ஒட்டி வளர்ந்த பக்கம் சற்றுத் தட்டையாக இருக்கும். அடியில், கொத்திலிருந்து பிரிந்த இடத்தில், சிறிய வடு காணப்படும். குறுக்கே அரிந்தால் பல காய்களில் ஒன்றுக்கு மேற்பட்ட நடுப்புள்ளிகள் தெரியும். பெரிய வெங்காயத்திலும் சில காய்கள் இரண்டாகப் பிளப்பதுண்டு. அங்கே அது தரக்குறைவு, இங்கே அதுவே இயல்பு.

நிறமும் வடிவமும் இரண்டாம் நிலைச் சான்றுகளே. இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு, செம்பழுப்பு எனத் தோலின் நிறம் வேறுபடும். உருண்டை, நீள்வட்டம், கதிர்வடிவம் என உருவமும் மாறும். ஒரே வகையை இருவேறு மண்ணில் நட்டால் நிறத்தின் ஆழமே வேறாகத் தோன்றக்கூடும். ஆகவே தோலை மட்டும் பார்த்து இனத்தைத் தீர்மானிப்பது ஆபத்தானது.

அறிஞர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். லின்னேயஸ் 18ஆம் நூற்றாண்டில், பாலஸ்தீனத்திலிருந்து வந்த ஒரு செடி மாதிரிக்கு, அஸ்கலான் நகரை நினைவூட்டும் வகையில் 'அல்லியம் அஸ்கலோனிக்கம்' என்று பெயரிட்டார். அப்பெயரே நெடுங்காலம் சின்ன வெங்காயத்துக்கு வழங்கிவந்தது. அந்த மாதிரியோ உண்மையில் ஒரு காட்டு உள்ளி இனம்! பெரிய வெங்காயத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் குரோமோசோம்கள் 16. இரண்டும் தடையின்றி ஒட்டுச்சேரும். எனவே இன்று இரண்டும் 'அல்லியம் சீப்பா' என்னும் ஒரே இனமாகக் கொள்ளப்படுகின்றன. கொத்தாக விளைபவை அதற்குள் 'அக்ரிகேட்டம்' என்ற குழுவாகின்றன. பிரான்சில் பெரிதும் போற்றப்படும் சாம்பல் நிறச் சின்ன வெங்காயம் மட்டும் இதற்கு விலக்கு. அது மத்திய ஆசியாவில் தானாக வளரும் 'அல்லியம் ஒஷானினி' என்னும் வேறோர் இனத்தைச் சேர்ந்தது.

உழவருக்கு இந்த வகைப்பாடு முதலில் கணக்கேட்டில்தான் புலப்படும். காயை நட்டுப் பயிரிடுவதானால் ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,500 கிலோ விதை வெங்காயம் வேண்டும். அதைப் பட்டறையில் பல மாதங்கள் காக்க வேண்டும். அழுகலும் முளைப்பும் போக எஞ்சியதே விதை. காய்வழிப் பயிரில் மஞ்சள் குட்டை நச்சுயிரி போன்ற நோய்கள் தலைமுறைதோறும் தொடர்ந்து வரும் இடரும் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 5, கொத்தாக விளையும் தன்மையை விடாமலே பூத்து விதையும் தருகிறது. டன் கணக்கில் வாங்கவேண்டிய விதைக்குப் பதில் சில கிலோ விதை போதும் என்பது சிறு மாற்றம் அன்று. ஆனால் நாற்றங்காலுக்கு நாளும் உழைப்பும் கூடுதலாக வேண்டும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி ஏற்றுமதிக்கு வருவோம். கர்நாடகத்தின் பெங்களூரு, சிக்கபள்ளாபுரம், கோலார் வட்டாரங்களில் விளையும் பெங்களூரு ரோஸ் வெங்காயம் 2015இல் புவிசார் குறியீடு பெற்றது. சிறியது, செந்நிறம், காரம் மிக்கது. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்வது. பார்வைக்குச் சின்ன வெங்காயத்தின் உறவினர் போலிருக்கும். ஆயினும் அது விதையிலிருந்து ஒற்றைக் காயாக விளைவது, அடி தட்டையானது. கொத்து வெங்காயம் அன்று.

2020 செப்டம்பர் 14 அன்று நடுவண் அரசு எல்லா வகை வெங்காய ஏற்றுமதியையும் தடை செய்தது. அக்டோபர் 9 அன்று பெங்களூரு ரோஸுக்கும் ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் வெங்காயத்துக்கும் தலா 10,000 டன் வரை, சென்னைத் துறைமுகம் வழியாக மட்டும், அடுத்த மார்ச் 31 வரை விலக்களித்தது. சரக்கின் வகையையும் அளவையும் தோட்டக்கலை அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. விலக்கில் பெயர் குறிக்கப்பட்டவை அவ்விரண்டு மட்டுமே. தமிழ்நாட்டுக் கொத்து வெங்காயம் அதில் இல்லை. பன்னாட்டுச் சுங்கப் பட்டியலிலும் வெங்காயமும் சின்ன வெங்காயமும் 0703.10 என்ற ஒரே ஆறிலக்க எண்ணின்கீழ் நிற்கின்றன. தனிப்பெயரும் தனிச்சான்றும் இல்லாத சரக்கு, பெரிய வெங்காயத்தின் விலையேற்றத்துக்குத் தானும் தண்டம் கட்ட நேர்கிறது.

பெயருக்காக ஐரோப்பாவிலும் வழக்கு நடந்தது. காய்வழி பெருக்கியதையே சின்ன வெங்காயம் என்று விற்கலாம் என 1990இல் பிரான்ஸ் விதி வகுத்தது. விதைவழி வகைகளை உருவாக்கிய டச்சு நிறுவனங்கள் அதை எதிர்த்தன. 2006 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் அத்தடையை ஏற்கவில்லை. நுகர்வோருக்கு வேறுபாட்டைத் தெரிவிக்கச் சீட்டில் குறிப்பிடுவதே போதும் என்றது. கோ 5 போன்ற வகைகளைப் பயிரிடுவோருக்கு இத்தீர்ப்பின் திசை ஆறுதல் தரும் என்றே நான் கருதுகிறேன். பெருக்கும் முறை மாறினாலும் கொத்தாகும் இயல்பு மாறவில்லையே!

பயிர்க்கடனுக்கான அளவை மாவட்டத் தொழில்நுட்பக் குழு பயிர்வாரியாக நிர்ணயிக்கிறது. ஆகவே விண்ணப்பத்தில் 'வெங்காயம்' என்று மட்டும் எழுதாமல், சின்ன வெங்காயமா பெரிய வெங்காயமா, காய் நடவா விதை நாற்றா என்பதையும், வகையின் பெயரையும் எழுதுவது நல்லது. விதை வெங்காயம் வாங்கும்போது பத்துக் காய்களையாவது குறுக்கே அரிந்து நடுப்புள்ளியையும் அடிவடுவையும் பாருங்கள். அளவு மட்டும் ஒத்திருந்து, எல்லாமே முழு உருண்டையாய் வடுவின்றி இருந்தால், கொத்து எண்ணிக்கை குறித்து விற்பவரிடம் கேளுங்கள். வகையின் பெயர் எழுதிய ரசீதையும் கேட்டு வாங்கிக் கடன் ஆவணங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.